பின்னால் போகாத கார்

எங்கள் வீட்டுக் காருக்கு முன்னால் போக நான்கு கியர், பின்னால் போக ஒன்று. அந்த ஒன்றை அநாவசியம் என்று என் அப்பா தள்ளிவைத்துவிட்டார். கார் செய்கிறவன் பெரிய படிப்புப் படித்தவனாக இருக்கலாம், ஆனால் மனுஷன் எதற்காக வீட்டைவிட்டுக் கிளம்புகிறான் என்பது அவனுக்குத் தெரியவில்லை என்பது அப்பாவின் கட்சி. போகிறவன் போகத்தானே கிளம்புகிறான், அவனைப் பின்னால் இழுக்க ஒரு பல்சக்கரம் எதற்கு என்பார். அவர் கேட்கிற தோரணைக்கு யாருக்கும் பதில் சொல்லத் தோன்றாது.

எங்கள் ஊர் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிக் கேரளப் பக்கம் ஒன்றரை மைல். தென்னந்தோப்பு, கடலைக்காடு, கொஞ்சம் நெல். எழுபதுகளில் ஊரில் கார் என்று சொன்னால் அது எங்களுடையதுதான். கோயமுத்தூரில் ஒரு டாக்டர் ஓட்டிச் சலித்துப்போன பழைய கறுப்பு வண்டி. என்ன வண்டி என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் ரோட்டில் ஓடியதே இரண்டு மூன்று வகைதான், அதில் எதைச் சொன்னாலும் சரியாக இருக்கும்.

வண்டியோடு கூடவே ஒரு டிரைவரும் வந்து சேர்ந்தார். சித்தூர்ப் பக்கத்துக்காரர், முன்பு லாரி ஓட்டியவர். அவருக்கும் அப்பாவுக்கும் இருந்த மனப்பொருத்தம், ஜாதகம் பார்த்துக் கட்டிக்கொண்ட என் இரண்டு அத்தைகளுக்கும் வாய்க்கவில்லை. தேவையில்லாததைக் கண்டுபிடிப்பதில் அவர் அப்பாவுக்கும் ஒரு படி மேல். "ஒரு வண்டிக்கு ஹாரன் வேணுங்க, பிரேக் வேணுங்க. மத்ததெல்லாம் கம்பெனிக்காரன் பொழுது போகாம வெச்சது" என்பார்.

வந்த வாரமே இண்டிகேட்டர் ஒயரைப் பிடுங்கி, முன்னால் ஒட்டியிருந்த முருகன் படத்துக்குச் சிவப்பு பல்பு எரிய வைத்தார். திரும்புவதற்குக் கை இருக்கிறதே. வெளிப்பக்கக் கண்ணாடியைத் தன் மீசை தெரிகிற மாதிரி உள்ளே திருப்பிக்கொண்டார். பின்னால் வருகிறவனுக்கு அவசரமென்றால் அவன் ஹாரன் அடிக்கட்டும், அதற்கு நாம் ஏன் வேலை மெனக்கெட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். சிகரெட் பற்றவைக்கும் ஓட்டையில் ஊதுபத்தி செருகினார். சாம்பல் தட்டும் கிண்ணத்தில் அம்மா பழனித் திருநீறு போட்டு வைத்தாள். அதுவும் சாம்பல்தானே, கம்பெனிக்காரன் சரியாகத்தான் வைத்திருக்கிறான் என்று சொல்லி அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். வைப்பரை யாராவது திருடிவிடுவார்கள் என்று டிரைவர் கழற்றிச் சீட்டுக்கு அடியில் பத்திரப்படுத்தினார். மழை வந்தால் வண்டியை நிறுத்தி, இறங்கி, தண்ணீர் ஒட்டாமலிருக்கப் பீடிப் புகையிலையைத் துணியில் வைத்துக் கண்ணாடியைத் தேய்ப்பார். தேய்த்து முடிப்பதற்குள் பெரும்பாலும் மழை நின்றுவிடும்.

ஹேண்ட் பிரேக்கை மட்டும் அவர் கழற்றவில்லை. ஆனால் தொடவும் மாட்டார். இழுத்தால் கேபிள் நீண்டுவிடுமாம். சரிவில் நிறுத்த டிக்கியில் ஒரு கருங்கல் வைத்திருந்தார். எங்கே நிறுத்தினாலும் இறங்கிப் போய் அந்தக் கல்லை டயருக்கு அண்டக் கொடுத்துவிட்டு வருவார்.

ரிவர்ஸ் கியர் விஷயம் இப்படியெல்லாம் விளையாட்டாக வந்ததல்ல. அதற்குக் காரணம் என் அண்ணன். கார் வந்த புதிதில் அவனுக்குப் பெண் பார்க்க உடுமலைக்குக் கிளம்பினோம். மாட்டுக்கொட்டகையை ஒட்டிய சாய்ப்பில் வண்டி மூக்கை உள்ளே வைத்து நின்றிருந்தது. எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகு டிரைவர் அதைப் பின்பக்கமாக எடுத்து வாசலைத் தாண்டி ரோட்டுக்குக் கொண்டுவந்தார். பெண் வீட்டில் பலகாரம் கொடுத்தார்கள், நன்றாகப் பேசினார்கள், மூன்றாம் நாள் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அண்ணனைப் பார்த்த யாருக்கும் இதில் ஆச்சரியம் இருந்திருக்காது. பெண் வீட்டு வரவேற்பறையிலேயே உட்கார்ந்தபடி தூங்கியவன் அவன். ஆனால் அப்பா யோசித்து யோசித்து, குற்றவாளியை வண்டியின் அடியில் கண்டுபிடித்தார். நல்ல காரியத்துக்குக் கிளம்பியவர்களை வண்டி முதலில் பின்னால் கொண்டுபோய்விட்டது. அப்புறம் காரியம் எப்படி முன்னால் போகும்? அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம் வந்தது. நல்ல காரியத்துக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு இந்த வண்டி ஒரு சாண்கூடப் பின்னால் போகக் கூடாது.

சட்டம் போட்டால் போதாதே, அதை நடத்த வேண்டும். மேற்குச் சுவரை இடித்து இன்னொரு கேட் வைத்தார். வண்டி கிழக்கே நுழைந்து மேற்கே வெளியேறும். இதில் லாபம் அடைந்தது ஊர்தான். இரண்டு தெருவுக்கும் எங்கள் வாசல் வழியாகக் குறுக்கு வழி கிடைத்துவிட்டது. பால்காரர் போனார், ஆட்டு மந்தை போனது, ஒருமுறை மாரியம்மன் நோம்பிக்குப் பூவோடு என்கிற தீச்சட்டி எடுத்துக்கொண்டு ஒரு கூட்டமே மேளத்தோடு போனது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "வாறவிய போறவிய எல்லாத்துக்கும் நம்ம ஊடுதான் ரோடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பயன்படுத்தாத எதுவும் கெட்டுப்போகும். ஒரு வருஷம் கழித்து பொள்ளாச்சி ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக், "ரிவர்ஸ் விழ மாட்டீங்குதுங்க, கழட்டிப் பாக்கோணும்" என்றார். அப்பா முகத்தில் அப்படியொரு நிம்மதி. "அது எதுக்குங்க, உடுங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மெக்கானிக்குக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு எங்கள் பயணங்கள் எல்லாம் போருக்குப் போகிற மாதிரி திட்டம் போட்டு நடந்தன. எங்கே நுழைந்தாலும் எப்படி வெளியேறுவது என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும். கொல்லங்கோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது டிரைவர் முட்டுச்சந்துக்குள் விட்டுவிட்டார். கல்யாண வீட்டு ஆண்கள் பந்தியிலிருந்து எழுந்து வந்து, எச்சில் கையோடு வண்டியைப் பின்னால் தள்ளினார்கள். அப்பா மட்டும் அந்தப் பக்கம் திரும்பி நின்று ஒரு பூசணிக்கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டிக்குள் யாரும் இல்லாதபோது தள்ளினால் அது சட்டத்தில் சேராது என்று வரும் வழியில் விளக்கம் சொன்னார். ஆள் இல்லாத வண்டி வெறும் தகரமாம்.

இவ்வளவும் நான் சிரித்துக்கொண்டே பார்த்தவைதான். அந்த வண்டி என் காரியத்துக்குக் கிளம்பும் வரைக்கும்.

நான் டீச்சர் டிரெயினிங் முடித்திருந்தேன். போடிமெட்டைத் தாண்டிக் கேரள மலையில் ஓர் ஏலக்காய்த் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று தெரிந்து, வீட்டுக்குத் தெரியாமல் எழுதிப் போட்டேன். உத்தரவு வந்துவிட்டது. மலையாளத்தில் ஒரு பக்கம். அதை அப்பாவிடம் நானே படித்துக் காட்டினேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "நீ சம்பாரிச்சு நாங்க சோறு திங்கோணுமா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. பேசாமல் இருப்பதில் நான் அவருக்குப் பிறந்தவள்தான். பதினோரு நாள் அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரி வேலை பார்த்தாள். "உப்பு வேணுமான்னு அப்பாகிட்டக் கேளும்மா" என்று அவர் எதிரிலேயே நான் சொன்ன நாளும் உண்டு. பன்னிரண்டாம் நாள் அப்பா அம்மாவிடம், "போறதுன்னா நம்ம வண்டியிலதான் போகோணும். பஸ்சுல ஏறிப் போனா ஓடிப்போச்சும்பாங்க" என்றார். அதுதான் சம்மதம்.

உத்தரவில் ஒரு வரி இருந்தது. குறித்த நாளில் பகல் பன்னிரண்டு மணிக்குள் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். அந்த அடுத்த ஆளையும் அதே நாளில் வரச்சொல்லி இருக்கிறார்கள் என்று அதிலேயே எழுதியிருந்தார்கள். அந்த வரியை நான் நூறு முறை படித்திருப்பேன். அந்த வேலை கைவிட்டுப் போனால் அடுத்த தையில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை யார் என்று தெரியாது, ஆனால் கல்யாணம் நிச்சயம். என் அண்ணனைப் போல உட்கார்ந்தபடி தூங்கும் ஒருவனோடு ஆயுள் முழுக்க நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் பயம்தான் எனக்கு.

விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். நான், அப்பா, டிரைவர். என் தகரப் பெட்டியும் படுக்கையும் ஒரு மூட்டை அரிசியும் சேர்ந்து டிக்கியை அடைத்துக்கொண்டதால் கருங்கல்லை வீட்டிலேயே இறக்கிவைத்துவிட்டார் டிரைவர். பொள்ளாச்சி, உடுமலை, பழனி. அப்பா முன்சீட்டில் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பழனியில் மட்டும் மலையைப் பார்த்துக் கும்பிட்டார். என்ன வேண்டிக்கொண்டார் என்று எனக்குச் சந்தேகம். இந்த வண்டியை அவர் எடுத்ததே வழியில் நின்றுபோகும் என்ற நம்பிக்கையில்தான் என்று அப்போது நான் உறுதியாக நம்பினேன். வெளியே சொன்னால் பாவம், ஆனால் நம்பினேன்.

வண்டி நிற்கவில்லை. பத்து மணிக்குப் போடியைத் தாண்டி மலை ஏற ஆரம்பித்தது. காற்று குளிர்ந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் டிரைவர் கையை ஹாரனிலிருந்து எடுக்கவே இல்லை. பாதி மலை ஏறியிருப்போம். ஒரு வளைவுக்குச் சற்று முன்னால், மேலிருந்து ஒரு பஸ் இறங்கி வந்து எங்கள் மூக்குக்கு நேரே நின்றது.

ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். பஸ்ஸுக்குப் பின்னால் மூட்டை ஏற்றிய இரண்டு லாரிகள். எங்களுக்குப் பின்னால் யாரும் இல்லை. முப்பது அடி கீழே ஒரு சின்னப் பாலம், அங்கே ரோடு அகலமாக இருந்தது. நாங்கள் அங்கே போய் ஒதுங்கினால் அவர்கள் இறங்கிவிடலாம். பச்சைக் குழந்தைக்கும் புரிகிற கணக்கு.

டிரைவர் பிரேக்கை மிதித்தபடி அப்பாவைப் பார்த்து, "பண்ணாடி, கல்லு" என்றார். அப்போதுதான் கல் வீட்டில் இருப்பது நினைவுக்கு வந்தது. காலை எடுத்தால் வண்டி உருளும். அப்பா சலவை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, ரோட்டோரம் குனிந்து குனிந்து கல் தேடினார். பஸ்ஸில் இருந்த அத்தனை தலைகளும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தன. கடைசியில் ஒரு மைல் கல்லை ஆட்டிப் பார்த்தார். அது வரவில்லை. பாறைப் பக்கத்திலிருந்து ஒன்றை உருட்டிவந்து டயருக்குக் கொடுத்தார்.

பஸ் டிரைவர் இறங்கி வந்தார். போடிக்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. "அய்யா, ஏறுற வண்டிக்கு நாந்தான் வழி விடணும். சட்டம் எனக்கும் தெரியும். எம்பின்னால ரெண்டு லோடு லாரி நிக்குது, பாத்தீகளா. அவுக பின்னால போக முடியாது. நீங்க அந்தப் பாலத்துகிட்ட ஒதுங்குங்க, ரெண்டு நிமிசம்."

"இந்த வண்டிக்கு ரிவர்ஸ் இல்லீங்க" என்றார் அப்பா.

"ரிவர்ஸ் எதுக்குய்யா, இறக்கந்தான. பிரேக்க லேசா விட்டா தானா உருண்டு போயிரும்."

"தானா போகும், தெரியுமுங்க. போகக் கூடாதுங்கறேன்."

"ஏன்?"

"புள்ள உத்தியோகத்துக்குப் போகுது."

பஸ் டிரைவர் என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். "பிள்ள உத்தியோகத்துக்குப் போகுதுன்னா, அறுவது சனமும் இந்த மலையிலயே குடியிருக்கவா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

அப்பா நகரவில்லை. பஸ்ஸிலிருந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஒருவர் அப்பாவுக்குப் புத்தி சொன்னார். ஒருவர் பஸ் டிரைவருக்குப் புத்தி சொன்னார். ஒருவர் பாறையோரம் உட்கார்ந்து வெற்றிலை போட ஆரம்பித்தார். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். எங்கள் டிரைவரும் பதிலுக்கு அடித்தார். என் கைக்கடிகாரத்தில் மணி பத்தே முக்கால்.

வண்டியைத் திருப்பி வீட்டுக்குப் போகவும் வழியில்லை, ரிவர்ஸ் இல்லாமல் அந்த ரோட்டில் திருப்ப முடியாது. முன்னாலும் போக முடியாது. நான் எங்கேயும் போகாமல் நிற்பதற்கு இதைவிட நல்ல இடம் அப்பாவுக்குக் கிடைத்திருக்காது. கதவைத் திறந்து இறங்கினேன். அத்தனை பேர் முன்னிலையில், இத்தனை நாள் அவரோடு பேசாமல் இருந்த வாயால் பேசினேன்.

"ஏனுங்கப்பா, மணி பன்னெண்டாகோணும், அந்த வேல போகோணும். அதுக்குத்தானே நிக்கறீங்க? நேரா என்றகிட்டச் சொல்லியிருந்தா நானே ஊட்டுல இருந்திருப்பேனே. எதுக்கு இந்தச் சனத்தையெல்லாம் நிறுத்தி வெச்சு?"

வெற்றிலை போட்டவர் மெல்லுவதை நிறுத்தினார். அப்பா என்னைப் பார்க்கவில்லை. மேலே போகிற ரோட்டைப் பார்த்தார், கீழே பாலத்தைப் பார்த்தார். ஒரு நல்ல முடிவை எடுக்கிறவர் மாதிரியும் இல்லை, கெட்ட முடிவை எடுக்கிறவர் மாதிரியும் இல்லை. தென்னைக்குத் தண்ணீர் எந்த வாய்க்காலில் விடுவது என்று பார்க்கிறவர் மாதிரி நின்றார்.

பஸ்ஸிலிருந்து இறங்கிய ஓர் அம்மா, தோட்டத்தில் வேலை செய்கிறவள், தலையில் முக்காடு, என் அருகில் வந்தாள். "எந்தத் தோட்டத்துக்குத் தாயி?" என்று கேட்டாள். சொன்னேன். "அந்தப் பள்ளியொடத்துக்கா? இந்தா இந்தக் குறுக்குப் பாதையில ஏறுனேன்னா வளைவெல்லாம் மிச்சம். முக்கா மணி நேரத்துல பள்ளியொட வாசல்ல நிக்கலாம். நாங்க அப்பிடித்தான் போவோம்" என்று பாறை இடுக்கில் ஏறிய ஓர் ஒற்றையடிப் பாதையைக் காட்டினாள்.

அப்பா அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். முன்சீட்டிலிருந்து என் உத்தரவுக் கவரை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார்.

"நீ நட, அம்முணி."

"என்னங்கப்பா?"

"நடந்து மேல போ. நீ முன்னால போயிட்டா அப்பறம் வண்டி எங்க போனா என்ன? பொட்டி படுக்கைய நான் கொண்டாறேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. சட்டப்படி, நல்ல காரியத்துக்குப் போகிற நான்தான் பின்னால் போகக் கூடாது. நான் வண்டியில் இல்லாவிட்டால் வண்டி தாராளமாகப் போகலாம். கொல்லங்கோட்டுக் கல்யாணத்தில் செய்த அதே ஏற்பாடு. அரை மணி நேரத்துக்கு முன்னாலேயே இது தோன்றியிருந்தால் அறுபது பேரும் போடிக்குப் போய் டீ குடித்திருப்பார்கள். இதைச் சொல்லலாமா என்று நினைத்தேன். மணியைப் பார்த்துவிட்டுப் பாதையில் ஏறினேன்.

பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினேன். சமவெளியில் வளர்ந்த காலுக்கு அது ஏற்றமே அல்ல, சுவர். கொஞ்சம் மேலே போய் மூச்சு வாங்க நின்று திரும்பிப் பார்த்தேன். அப்பா டயரிலிருந்து கல்லைக் காலால் தள்ளிவிட்டு, வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தார். டிரைவர் அவரிடம் ஏதோ சொன்னார். இறங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்லியிருப்பார், கையை ஆட்டியதிலிருந்து தெரிந்தது. அப்பா தலையை அசைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

கார் பின்னால் உருள ஆரம்பித்தது. முன்சீட்டில் அப்பா உட்கார்ந்திருந்தார், முகம் என் பக்கம். முகம் என் பக்கமே இருக்க, உடம்பு என்னைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது. கையை ஆட்டவில்லை. நானும் ஆட்டவில்லை. பாறை வந்து அவரை மறைத்தது. இந்த மனுஷருக்கு இறங்கி நிற்கக்கூடவா சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டே மேலே ஏறினேன்.

பள்ளிக்கூட வாசலில் நான் போய் நின்றபோது மணி பன்னிரண்டுக்குப் பதினைந்து நிமிஷம் இருந்தது. வராந்தா பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அடுத்த ஆள். கஞ்சி போட்ட சேலை, பக்கத்தில் அவளுடைய அப்பா, இருவரும் வாசலைப் பார்த்தபடி. என் கையில் செருப்பு, முந்தானையில் நாயுருவி, காலில் ரத்தம். அட்டை கடித்திருப்பது அவள் பார்த்த பார்வையில்தான் எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் வேலை தேவைதானே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பின்னால் எவ்வளவோ நாள் தோன்றியிருக்கிறது.

தலைமை ஆசிரியர் வெளியே வந்தார். கழுத்தில் சிலுவை, திருநெல்வேலி வழியில் வந்த தோட்டத்துக் குடும்பம். "வாங்கம்மா. தனியாவா வந்தீங்க?" என்று கேட்டார்.

"அப்பாவோட வந்தேன் சார்."

"அப்பா எங்க?"

"பின்னால போயிட்டாருங்க சார்."

அவர் என் காலில் இருந்த ரத்தத்தைப் பார்த்தார். அதற்கு மேல் கேட்க வேண்டாம் என்று முடிவு செய்தவர் போலப் பேனாவை எடுத்துக் கொடுத்தார். நோட்டில் கையெழுத்துப் போட்டேன். பெஞ்சில் இருந்த பெண் எழுந்து, அவளுடைய அப்பாவின் பின்னால் மெதுவாக இறங்கிப் போனாள்.

எங்கள் வண்டி ஒன்றரை மணிக்குத்தான் வந்தது. டிரைவர் கண்ணாடியை மீசைக்குத் திருப்பி வைத்திருந்தாரல்லவா, பின்னால் உருளும்போது ஒன்றும் தெரியாமல் பாலத்தை ஒட்டிய சாக்கடையில் ஒரு சக்கரத்தை இறக்கிவிட்டார். அதைத் தூக்கிவிட்டது பஸ்ஸில் வந்தவர்கள்தான், தலைமை தாங்கியது பஸ் டிரைவர். அப்பாவின் வேட்டியில் முழங்கால்வரை சேறு. வண்டி பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு முழு வட்டம் அடித்து, போகிற திசையைப் பார்த்து நின்றது. பிள்ளைகள் பின்னாலேயே ஓடினார்கள்.

அப்பா பெட்டியையும் படுக்கையையும் தானே இறக்கி வைத்தார். அரிசி மூட்டையை டிரைவர் தூக்கினார். எல்லாம் முடிந்ததும் அப்பா போக வேண்டியதுதான். பேசாமல் பழகிய இரண்டு வாயில் அவருடையதுதான் முதலில் திறந்தது.

"கையெழுத்துப் போட்டாச்சா?"

"போட்டாச்சுங்கப்பா."

"காலுல என்ன ரத்தம்?"

"அட்டைங்க."

"சுண்ணாம்பு வெய்யி."

திரும்பி வண்டிப் பக்கம் நடந்தார். அவரை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. எதையாவது கேட்க வேண்டும் என்று இதைக் கேட்டேன். "ஏனுங்கப்பா, வண்டி பின்னால போறப்ப நீங்க எதுக்கு உள்ள உக்காந்துட்டீங்க? எறங்கி நின்னிருக்கலாமில்ல? உங்க சட்டம் உங்களுக்கு இல்லீங்களா?" கேலியாகத்தான் கேட்டேன்.

அவர் நின்றார். வேட்டிச் சேற்றைப் பார்த்தபடி சொன்னார்.

"நல்ல காரியத்துக்குப் போறவிய பின்னால போகக் கூடாதுன்னுதான் நான் சொன்னது. நல்ல காரியம் உனக்கு. எனக்கு இதுல என்ன நல்ல காரியம் இருக்குது? பெத்த புள்ளைய மலமேல உட்டுட்டுத் தனியாத் திரும்பிப் போகோணும். நான் எந்தப் பக்கம் போனா என்ன, அம்முணி."

இதைக் கோபமாகவோ வருத்தமாகவோ அவர் சொல்லவில்லை. தோப்பில் எத்தனை காய் விழுந்தது என்று சொல்கிற குரலில் சொல்லிவிட்டு, வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். டிரைவர் வண்டியை எடுத்தார். நான் அப்படியே நின்றேன். இந்த மனுஷரையா நான் வழியெல்லாம் சந்தேகப்பட்டுக்கொண்டு வந்தேன் என்று நினைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மத்தியான மணி அடித்து, பிள்ளைகள் வகுப்புக்குள் போய், தலைமை ஆசிரியர் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போன பிறகும் எனக்கு நிற்கவில்லை. புது டீச்சர் வந்த முதல் நாளே மைதானத்தில் நின்று அழுதார் என்று அன்று சாயங்காலம் தோட்டத்துத் தொழிலாளர் லயங்கள் முழுக்கப் பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள்.